மேல் மாடியா, நடு அறையா?

கோயமுத்தூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கணவருக்குக் கப்பலில் போக வேண்டுமென்று வெகுநாளைய ஆசை. சென்னையில் ஏறி, இலங்கையைத் தொட்டுவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பலுக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். கணவன், மனைவி, 6 வயதுப் பையன், ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை, 67 வயது மாமியார்... ஆக மொத்தம் ஐந்து உருப்படி.

"எனக்கு ஊட்டி பஸ்ஸே ஆகாதுங்க. பர்லியாறு தாண்டறதுக்குள்ள ரெண்டு கவர் காலியாயிடும். ஏஜெண்ட் சொல்றார், எல்லாத்துக்கும் மேல் மாடியில, முன்பக்கமா, பால்கனி வெச்ச ரூம் எடுத்துக்குங்க, நல்லா காத்து வரும், வாந்தியே வராதுன்னு. ஆனா அதுக்குத் தலைக்கு ரொம்பக் கூடுது. அவ்வளவு பணத்தைக் கட்டிட்டு அங்கே போய் நான் படுத்துக்கிட்டா எல்லாருக்கும்தான் கஷ்டம். பேசாம நான் வரலைன்னு சொல்லிடட்டுமா? அத்தை இருக்காங்க, பிள்ளைங்களைப் பாத்துக்குவாங்க..."

நம் பெண்களுக்கு எதற்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். ஊர் போகிறதா, நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். இடம் போதவில்லையா, நான் பின்னால் வருகிறேன்! வேண்டாம் சகோதரி, நீங்களும் போய்த்தான் வர வேண்டும். உங்கள் ஏஜெண்ட் சொன்னது தலைகீழ். அவர் காட்டும் அறையை எடுத்தால்தான் நீங்கள் படுத்துக்கொள்வீர்கள். அதைவிட விலை குறைந்த ஓர் அறையை, இடம் பார்த்துக் கேட்டு வாங்கினால், நடமாடிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

முதலில், இந்தக் குமட்டல் ஏன் வருகிறது? நம் உட்காதில் வளைந்த மெல்லிய குழல்கள் மூன்று இருக்கின்றன. உள்ளே கொஞ்சம் நீர். தலை அசைந்தால் அந்த நீரும் அசையும், மூளைக்குச் சேதி போகும். கப்பலில் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கண் என்ன சொல்கிறது? "சுவர் அப்படியே இருக்கிறது, கட்டில் அப்படியே இருக்கிறது, ஆட்டம் ஒன்றுமில்லை" என்கிறது. காதோ, "ஆடுகிறோம், ஏறுகிறோம், இறங்குகிறோம்" என்கிறது. இரண்டு பேர் இரண்டு விதமாய்ச் சாட்சி சொன்னால் மூளைக்குக் குழப்பம், அகப்பட்டுக்கொள்வது வயிறு. இதில் மனசு திடம், பயந்த சுபாவம் என்பதற்கெல்லாம் வேலையே இல்லை. இங்கிலாந்தின் பெரிய கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கப்பல் நோய் உண்டு. 1831-லிருந்து 1836 வரை உலகத்தைச் சுற்றி வந்த டார்வின் அந்த ஐந்து வருஷமும் இதனால் அவஸ்தைப்பட்டவர். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இன்னும் அதிகம். மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் கூடும். ஆகவே வீட்டில் யாராவது "உனக்கு எல்லாம் மனப்பிராந்தி" என்றால் நெல்சனைச் சொல்லுங்கள்.

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் ஆட்களை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, அந்த அறையையே பல வேகத்தில் மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார்கள். மனிதனை மிகவும் புரட்டுவது, ஐந்தாறு விநாடிக்கு ஒரு தரம் நிதானமாக ஏறி இறங்கும் ஆட்டம் என்று தெரிந்தது. கடகடவென்ற குலுக்கல் அவ்வளவு செய்வதில்லை. கடலில் பெரிய கப்பலுக்கு வாய்ப்பது பெரும்பாலும் இந்த நிதான ஆட்டம்தான்.

இப்போது அறைக்கு வருவோம். பார்க்கில் பிள்ளைகள் ஆடுகிற சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் உட்கார்ந்த பிள்ளை ஆளுயரம் போய் வருகிறது. நடுக்கட்டை மேல் உட்கார்ந்த பிள்ளைக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அலையில் கப்பலின் மூக்கு தூக்கும், வால் இறங்கும், பிறகு மாறும். 200 மீட்டர் நீளக் கப்பல் வெறும் இரண்டு டிகிரி சாய்ந்தால், நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளி மூக்கில் இருக்கிற அறை சுமார் மூன்றரை மீட்டர் மேலே போகும், அதே அளவு கீழேயும் வரும். நம் வீட்டு மாடியளவு உயரம்! நடுவிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருக்கும் அறைக்கு அதே சாய்வில் முப்பத்தைந்து சென்டிமீட்டர்தான். அவ்வளவு வித்தியாசம். சரியான நடுவைவிடக் கொஞ்சம் பின்புறம் தள்ளியிருப்பது இன்னும் நல்லது. கப்பல் ஊசலாடும் மையம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது உயரம். தென்னை மரத்தைப் பாருங்கள். காற்றில் மட்டைகள் இங்கேயும் அங்கேயும் போய் வருகின்றன, அடிமரம் அசைவதில்லை. கப்பல் பக்கவாட்டில் உருளும்போதும் இதே கதைதான். அந்த இரண்டு டிகிரிக்கே, 25 மீட்டர் உயரத்தில் இருப்பவர் முக்கால் மீட்டருக்கு மேல் ஒரு பக்கமாய்ப் போய்வருவார்; 5 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு ஒரு சாண்கூட இருக்காது. இந்தக் காலக் கப்பல்களில் இரு பக்கமும் தண்ணீருக்குள் மீன் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் உண்டு. அது பக்கவாட்டு உருளலைத்தான் அடக்கும். மூக்கும் வாலும் தூக்குவதை அது தடுக்காது. ஏஜெண்டுகள் "ஸ்டெபிலைசர் இருக்கு மேடம், ஒண்ணும் தெரியாது" என்று சொல்வதில் பாதிதான் நிஜம்.

ஆக, உயரத்தையும் முன்பக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார் உங்கள் ஏஜெண்ட். அதற்கு அதிகப் பணம் வேறு. கப்பலில் பணம் கட்டுவது காட்சிக்காக. வயிற்றுக்கு வேண்டிய இடம் கீழ் மாடிகளில், நீளவாக்கில் நடுவில். அது அநேகமாக மலிவாகவே கிடைக்கும்.

ஆனால் 'கீழே' என்றதும் எந்த அறையானாலும் சரி என்று கிளம்பிவிட வேண்டாம். நான் 2011 ஜூலையில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போனேன், மூன்று நாள். போர்ட் பிளேர் என்று அப்போது பெயர். 2024-ல்தான் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அது உல்லாசக் கப்பல் இல்லை, ஜனங்கள் போக வர ஓடும் கப்பல். கீழ்த் தளத்தில் பங்க் வகுப்பு, அடுக்குப் படுக்கைகள். ஆட்டம் என்னவோ அங்கே குறைவுதான். ஆனால் காற்றில்லை. டீசல் வாடை, பினாயில் வாடை, போதாததற்கு எதிர்ப் படுக்கைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துக் கருவாட்டுக் குழம்பு! ஒருவர் ஆரம்பித்தால் வரிசையாகப் பத்துப் பேர். குமட்டலுக்கு வாசனை எவ்வளவு பெரிய எதிரி என்பதை அங்கே கண்டேன். அதே கப்பலில் மேலே முன்பக்கக் கேபினில் ஒரு பெரிய அதிகாரியின் மனைவி. நல்ல மெத்தை, தனிக் குளியலறை. இரண்டு நாள் தலை தூக்கவில்லை, பாவம். மூன்றாம் நாள் அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து, நடுத்தளத்தில் காற்றோட்டமான நடையோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அரை மணியில் "காபி கிடைக்குமா?" என்று கேட்டார். அதைப் பார்த்த பிறகுதான் இந்த அறை விஷயத்தை நான் அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜன்னல் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே சேதி சொல்லும், குமட்டல் தணியும். அதனால் ஜன்னல் நல்லதுதான். இன்னொரு பக்கம், ஜன்னல் இல்லாத உள்ளறைகள் கப்பலின் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் உருளும்போது ஏற்ற இறக்கம் குறைவு. படுத்துக் கண்ணை மூடிக்கொள்பவருக்கு அது போதும். உங்கள் நிலையில் நான் எதை எடுப்பேன்? சின்னக் குழந்தைக்காகப் பகலிலும் அறையில் இருக்க வேண்டி வரும். ஆகவே கீழ் மாடியில், நடுவில், மூடிய ஜன்னல் உள்ள அறை. அதற்கும் பணம் இடிக்கிறதென்றால் நடுவில் ஓர் உள்ளறை. ராத்திரி தூங்க அது. பகலெல்லாம் திறந்த தளம். பால்கனி மட்டும் வேண்டவே வேண்டாம். 6 வயதுப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏற எத்தனை நேரமாகும்? நீங்கள் சுருண்டு படுத்திருக்கிற நேரத்தில் அந்தக் கதவை யார் பார்ப்பது?

ஏஜெண்டிடம் போகும்போது அந்தக் கப்பலின் மாடிவாரியான வரைபடத்தை, டெக் பிளான் என்பார்கள், காட்டச் சொல்லுங்கள். 'நடு அறை' என்று வாயால் சொல்வதை நம்பாமல் அறை எண்ணைப் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஐந்து பேருக்கு இரண்டு அறை ஆகும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் தள்ளிவிடாமல் பக்கத்துப் பக்கத்தில் கேளுங்கள். 'கேரண்டி' என்று சொல்லி ஒரு மலிவு டிக்கெட் தருவார்கள். அறை இருக்கும் என்பதற்குத்தான் அது கேரண்டி. எந்த இடம் என்பது கம்பெனியின் இஷ்டம். மற்றவர்களுக்குச் சரி, உங்களுக்கு ஆகாது. மேலே பாட்டுக் கச்சேரி மண்டபமோ சமையற்கட்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசிப் பின்பக்கம், அடித்தளம் என்றால் இயந்திர அதிர்வு உண்டு. அடி முன்பக்கமோ, விடியற்காலை நங்கூரச் சங்கிலி ஓடுகிற சத்தத்தில் கைக்குழந்தை அலறி எழுந்துகொள்ளும்.

தேதியை அரைப்பரீட்சை லீவிலா முழுப்பரீட்சை லீவிலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். அறையைவிடக் கடல் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வங்காள விரிகுடாவைக் கலக்கும் காலம். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பொதுவாக அமைதி. சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் 2022 ஜூனில் தொடங்கியது, இலங்கைக்கு 2023 ஜூனில். ஜூன் முதல் செப்டம்பர் வரை திருகோணமலைப் பக்கம் கடல் சாதுவாக இருக்கும்; தெற்கே அம்பாந்தோட்டையில் தென்மேற்குப் பருவக் காற்றின் அலை அடிக்கும். உங்களுக்கு ஏப்ரல் கிடைத்தால் ஏப்ரல்தான். மாதவிலக்குத் தேதியையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயத்துக்குக் கொஞ்சம் நிதானமாக வருகிறேன், இதில்தான் வீடுகளில் விபரீதம் நடக்கிறது. பஸ் பயணத்துக்கு நாம் வாங்குகிற அவோமின் போன்ற மாத்திரை கப்பலுக்கும் உதவும். ஆனால் குமட்டல் வந்தபின் விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கப்பல் கிளம்பும் முன்பே, நீண்ட பயணமென்றால் முந்தின இரவே, எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கம் வரும். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கலாமோ என்று சந்தேகம் இருந்தாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

உங்கள் ஒன்றேகால் வயதுக் குழந்தைக்கு இந்த மாத்திரையில் கால் துண்டு, அரைத் துண்டு என்று ஒருபோதும் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த மருந்து மூச்சையே அடக்கிவிடக் கூடும். கொடுக்கவும் தேவையில்லை. இரண்டு வயதுக்குள் குழந்தைகளுக்குக் கப்பல் நோய் வருவதே அபூர்வம். தூளி ஆட்டிப் பழகியதுகள் அல்லவா! உங்கள் கவனம் பையன் மேல் இருக்கட்டும். அந்த வயதில்தான் அதிகம். "அம்மா, வாந்தி வருது" என்று சொல்ல அவனுக்குத் தெரியாமல் போகலாம். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தி, வெளிறிப்போய், கொட்டாவி விட ஆரம்பித்தால் உடனே மேலே காற்றுக்கு அழைத்துப் போங்கள். அவனுக்கு எந்த மருந்து, எத்தனை அளவு என்பதைக் குழந்தை டாக்டர் எழுதித் தரட்டும். போன மாசம் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த வாந்தி சிரப் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுத்துப் போக வேண்டாம்; அந்த ஜாதி மருந்து இந்த வாந்தியை நிறுத்துவதில்லை.

மாமியாருக்கு வயதின் காரணமாகவே குமட்டல் குறைவாக இருக்கும், அது ஒரு நிம்மதி. ஆனால் அவருக்குக் கண் அழுத்த நோயோ, சிறுநீர் தங்கும் தொந்தரவோ இருந்தால் மேற்படி மாத்திரை ஆகாது. வயதானவர்களுக்கு அது புத்தித் தடுமாற்றமும் தரும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவரானால், சாப்பிட்டது வெளியே போய்விட்ட நாளில் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒன்று: குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுகிறவர், போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அன்றைய மாத்திரை உடம்பில் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும், இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டார்.

ஏறின பிறகு? காலி வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. அங்கே விருந்து பிரமாதமாய்த்தான் வைத்திருப்பார்கள். முதல் நாள் மட்டும் இட்லி, ரஸ்க், தயிர் சாதம் என்று அடக்கமாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. இஞ்சி மொரப்பா ஒரு டப்பா எடுத்துப் போங்கள். ரஜூலா கப்பலில் பினாங்கு போய் வந்த எங்கள் பெரியம்மா, உப்பில் போட்ட நார்த்தங்காயை முந்தானையில் முடிந்துகொண்டுதான் ஏறுவாளாம். அது மருந்தோ இல்லையோ, வாயில் அடக்கிக்கொள்ள நல்ல பண்டம். போனில் படம் பார்ப்பது, கீழே குனிந்து பெட்டியைக் குடைவது, புத்தகம் படிப்பது எல்லாம் முதல் நாள் வேண்டாம். குழந்தைக்கு மாற்றுத் துணி, டயப்பர் எல்லாம் இடுப்புயரத்தில் கைக்கெட்ட எடுத்து வைத்துவிட்டால் குனிகிற வேலை பாதி மிச்சம்.

குமட்டல் வந்தேவிட்டால் நடுத் தளத்தில் திறந்த இடத்துக்குப் போய்த் தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். பக்கத்தில் புரளும் அலையை உற்றுப் பார்க்காதீர்கள். நிற்க முடியவில்லை என்றால் மல்லாந்து படுத்துத் தலையை அசைக்காமல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான். வாந்தி தொடர்ந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டின அளவு. மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். பையன் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது என்றால் கப்பல் டாக்டரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். தனியாகப் பீஸ் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பழகி முடிகிற நேரத்தில் கப்பல் சென்னைக்குத் திரும்பியிருக்கும்! இறங்கின பிறகு வீட்டுக் கூடமே ஆடுவது போலிருக்கும், குளிக்கும்போது சுவர் சாயும். மயக்கமோ ரத்தக் கொதிப்போ என்று பயந்துவிடாதீர்கள். கப்பல் ஆட்டத்துக்குப் பழகின மூளை தரைக்கு மறுபடி பழகிக்கொள்கிறது. பொதுவாக ஓரிரண்டு நாளில் போய்விடும். அதுவரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.